கிரேஸை நான் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

எழுத்தாளன் ஆவதைவிட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினன் ஆவதில்தான் எனக்கு ஆசை அதிகமாக இருந்தது. (எழுதாமலே சேர்த்துக்கொள்வார்கள் என்றால் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன்.) அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, ராயபுரத்தில் ஜாகை.

நடைபாதைக் கடையில் பழைய ஆங்கில நாவல் ஒன்று கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து அம்மையார் ஒருவர் எழுதியது. கணவர் போனபின் ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே முப்பது நாவல் எழுதியவர் என்று முன்னுரை சொன்னது. பெயருக்குக் கீழே ‘லண்டன் எழுத்தாளர் சங்க உறுப்பினர்’ என்று போட்டிருந்தது. லீவு லெட்டர் எழுதவே மூன்று தாள் கிழிக்கிறவன் நான். பிரமித்துப்போய் உடனே மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டேன்.

எழுதியதை மாலையில் வீட்டு வாசலில் வாசிப்பேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள்தான் என் ரசிகர்கள். அவர்களுக்குத் தலைவி எதிர்வீட்டு அஞ்சலையக்கா. கதாநாயகி கிரேஸுக்குக் காசநோய் என்று வாசித்த அன்று அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“த பாரு நைனா, அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா நீ இந்தத் தெருவுல குடித்தனம் பண்ண முடியாது.”

மூலத்தில் கிரேஸ் கடைசி அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். நான் அவளைப் பிழைக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தேன். குடித்தனம் முக்கியமில்லையா?

காலடிப்பேட்டையில் இருந்தது எங்கள் பகுதிச் சங்கம். அதன் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “மொழிபெயர்ப்புன்னா மூல ஆசிரியரோட அனுமதி வேணும் தம்பி. அப்புறம் வழக்கப்படி கடைசி அத்தியாயத்தைச் சங்கத்துல வாசிக்கணும்” என்றார். லண்டன் சங்கத்தின் முகவரிக்கு அம்மையாருக்கே கடிதம் போட்டேன். தேக சௌக்கியம் விசாரித்து, நூறாண்டு வாழ வாழ்த்தி, முடிவை லேசாக மாற்றியிருப்பதையும் பணிவுடன் தெரிவித்தேன்.

லண்டன் சங்கத்திலிருந்து பதில் வந்தது. அம்மையார் காலமாகி நாற்பது ஆண்டுகள் ஆகின்றனவாம், வாழ்த்துக்கு நன்றியாம். மொழிபெயர்க்கலாம், ஆனால் முடிவை மாற்றக்கூடாது. ஒரு பதிப்பாளர் தம்மைக் கேட்காமல் நாவலின் முடிவை மாற்றியதால்தான் அம்மையார் சங்கத்திலேயே சேர்ந்தார் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்து நாற்பது வருஷமான ஒரு பெண்மணியின் கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் ஆட்கள் காவல் இருக்கிறார்கள். (என் எழுத்தில் காவல் காக்க என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.) கல்யாண அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, மூலத்தில் உள்ளபடியே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கல்யாணத்தை வாசிக்கப்போவதாகத் தெருவில் முன்பே சொல்லியிருந்தேன். கிழித்ததை அஞ்சலையக்காவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. “ஞாயித்துக்கெயம சங்கத்துல கல்யாணந்தானே?” என்று கேட்டார். நான் தலையை ஒரு தினுசாக ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பன்னிரண்டு பெண்கள் சீர்த்தட்டோடு காலடிப்பேட்டைக்கு வந்து இறங்கினார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கிரேஸுக்கு ஒரு ரவிக்கைத் துணி. சங்கத்துக்குத்தான் மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போன செயலாளர், அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்.

வாசித்தேன். “கிரேஸ் கண்களை மூடினாள்” என்ற இடத்தில் அஞ்சலையக்கா எழுந்தார்.

“மூடுனா தொறப்பாதானே?”

“இல்லக்கா.”

செயலாளர் எழுந்து லண்டன் கடிதத்தை விளக்கினார். அஞ்சலையக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எயுதுன அம்மாவே பூட்ச்சு. அது பெத்த பொண்ணையாவது பொயைக்க வுட்டா இன்னா?”

முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவர் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதற்குள் வரிசையின் கோடியிலிருந்து ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கோ ஒரு சாப்பாட்டு மேஜையில், குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே எழுதிய வரி, கடல் தாண்டி வந்து ராயபுரத்துப் பெண்களை மாரில் அடித்துக்கொண்டு அழவைக்கிறது. எழுத்தாளர் என்றால் யார், நான் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இழவு விழுந்த இடத்தில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். என்னைச் சேர்ப்பதைப் பதினாறு நாள் தள்ளிவைத்து, கிரேஸுக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலியோடு கூட்டம் கலைந்தது. பதினேழாம் நாள் உறுப்பினர் அட்டை வந்தது.

“கொலகாரன் வூட்டுக்கு மீன் இல்ல” என்று அஞ்சலையக்கா சொல்லிவிட்டதால், என் அம்மா மூன்று மாதம் மீனுக்குக் காசிமேடு வரை நடந்தார். அதற்குப் பிறகு நானே பதினோரு நாவல் எழுதிவிட்டேன்; ஒன்றுக்கும் யாரும் அழவில்லை. ஆனால் இன்றைக்கும் சினிமாவில் யாராவது செத்தால், என் வீட்டில் எல்லோரும் திரையை விட்டுவிட்டுத் திரும்பி என்னைத்தான் முறைக்கிறார்கள்.