நாற்பது ஹெல்மெட்டுகளும் ஒரு பெண் பார்த்தலும்

தன் வேலையைப் பார்த்துத் தானே மயங்குகிறவர்களைத் தனியே விடக் கூடாது. நான் அந்த ரகம்.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இணையக் காலண்டரில் ஒரு நிகழ்ச்சியைக் காப்பி எடுத்து வேறு தேதியில் பேஸ்ட் செய்யும் வசதியைச் சேர்த்தது நான்தான். (ராக்கெட் விட்டவள்போல் ஒரு வாரம் நடந்துகொண்டேன்.) சோதித்துப் பார்க்க வேண்டுமே? வெள்ளிக்கிழமை தீயணைப்பு ஒத்திகையைக் காப்பி எடுத்து ஞாயிறு மாலை நான்கு மணியில் ஒட்டினேன். தலைப்பை ‘மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்’ என்று மாற்றி, என் வீட்டு முகவரியைப் போட்டேன். மறந்துவிடுவேனோ என்ற பயம்! பெற்ற மகளைப் பெண் பார்க்க வரும் நாளை எந்தத் தாய் மறப்பாள்? இந்த மேதாவிக்கு அந்தச் சந்தேகமும் இருந்தது.

முந்தைய வரன், விஷயம் வெளியே கசிந்து, யாரோ எதையோ சொல்லித் தட்டிப்போயிருந்தது. “இந்த வாட்டி பக்கத்து ஊட்டுக்குக்கூடத் தெரியக் கூடாதுமே” என்று கணவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஞாயிறன்று, பெரியபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரம், வாசலில் கம்பெனி பஸ் நின்றது. மஞ்சள் ஹெல்மெட்டோடு நாற்பது பேர் இறங்கினார்கள்.

“இன்னாமே இது?” கணவரின் குரல் கீச்சிட்டது.

“மேடம், கட்டாயம் வரணும், ஹெல்மெட் மாட்டிக்கினு வரணும்னு போட்டுக்கீதே,” என்றார் சூப்பர்வைசர் டேவிட். “ஆப்சென்ட் போட்டுடுவாங்கன்னு கறிக்கொழம்ப உட்டுட்டு ஓடியாறோம்.”

தலைப்பையும் முகவரியையும் மாற்றிய நான், கீழே இருந்த ஒத்திகைக்கான அழைப்புப் பட்டியலையும் குறிப்பையும் பஸ் ஏற்பாட்டையும் தொடவே இல்லை. (வசதி பிரமாதமாக வேலை செய்தது. எதையும் விடாமல் காப்பி எடுத்திருந்தது.)

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். “பொண்ணு பாக்க வந்தா, ஆளுங்கள இட்டாந்து மெரட்றீங்களா?”

இந்த வரனும் போயிற்று என்று நினைத்தேன். காபித் தட்டோடு வந்த மகள்தான் பேசினாள்: “அங்கிள், எங்கம்மா கம்ப்யூட்டர்ல கை வெச்சா இப்படித்தான் ஆவும். நீங்க குந்துங்க. நாப்பது பேருக்கு பஜ்ஜி போடணும், மாவு கரைக்க யாருனா வரீங்களா?”

மாப்பிள்ளை எழுந்தான். டேவிட்டிடம் ஒரு ஹெல்மெட்டை வாங்கினான். “எண்ணெ தெறிக்கும்ல?” என்று மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மருமகன் பைக் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று, “அத்த, உள்ள வரதுக்கு இது கட்டாயமா?” என்று கேட்கிறான். தெருவில் எந்த பஸ் நின்றாலும் ஓடிப்போய்க் கடலை மாவு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

கம்பெனியில் இன்றும் எல்லோரும் என் காப்பி-பேஸ்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலோ, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தாள் கிழிக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.