மூன்று கிலோமீட்டர், ஏழு டீ

"இங்கேயே நிறுத்துப்பா" என்றார் சின்னப்பராஜ்.

கம்பெனி பஸ் டிரைவர் வனமாமலை திரும்பிப் பார்த்தார். "உங்க ஊருக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் கீதே சார்?"

"தெரியும். நடக்கப் போறேன்."

ஒரகடம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் நாற்காலியை விட்டு ஆறு வருஷமாக எழுந்திராத சூப்பர்வைசர் அவர். சர்க்கரை முந்நூறைத் தொட்டுவிட்டது. "தினமும் நடங்க. ஒரு மாசத்துல குறையலேன்னா கேட் டூட்டிக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்று கம்பெனி டாக்டர் சொல்லியிருந்தார்.

மாதா கோயில் உபதேசியார் மகன் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டில் உட்காருவதா? குடும்ப மானம் என்ன ஆவது! விடியற்காலை ஐந்துக்கு பஸ், சாயங்காலம் கோயிலில் ஜெபம். நடக்க மிஞ்சியது இந்த மூன்று கிலோமீட்டர்தான்.

முதல் வளைவிலேயே அக்காள் மகன் பென்சன் பைக்கை நிறுத்தினான்.

"இன்னா மாமா, பஸ்லேர்ந்து எறக்கி வுட்டானுங்களா?"

"நானாத்தான்டா எறங்கினேன்."

"வேல பூட்சின்னா சொல்லு மாமா. எங்கிட்ட இன்னா மறைப்பு?"

டீக்கடைக்கு இழுத்துப்போய் டீயும் பாதுஷாவும் வாங்கிக் கொடுத்தான். உறவுக்காரன் நீட்டியதைத் தள்ளுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. சின்னப்பராஜ் சாப்பிட்டார்.

மறுநாள் மூன்று வீடுகள் அவரை வழிமறித்து ஆறுதல் சொல்லின. மூன்று டீ. "வேலை போகலைங்க" என்றார். "பாவம், வாய்விட்டுச் சொல்ல முடியல" என்று இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்கள்.

"வூட்டு மானமே போவுது" என்றாள் மனைவி சூசையம்மாள். "ரோட்டால வராதீங்க. ஏரிக்கரையால வாங்க."

வேலை போன மனுஷன் ஏரிக்கரையில் தனியாக நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? இரண்டு பேர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். "அவசரப்படாதண்ணே! புள்ளைங்கள நெனச்சுப் பாரு!" பங்குச் சாமியாரே ஸ்கூட்டரில் வந்து, புத்தி சொல்லி, ஹார்லிக்ஸ் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து நடுரோட்டிலேயே நடந்தார்.

"மறுபடி சேத்துக்கினாங்களா! உள்ள வாண்ணே!"

அன்றைக்கு ஏழு வீடு, ஏழு டீ. நாலு வீட்டில் கேசரி.

மாதம் முடிந்தது. சர்க்கரை முந்நூற்று நாற்பது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

திங்கட்கிழமை காக்கிச் சட்டையில் கேட்டுக்கு வந்த சின்னப்பராஜ், யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இனிமே இப்படியே உக்காந்து காலம் தள்ள வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தார்.

பொறுப்பை ஒப்படைக்க நின்றிருந்த பழைய காவலர் நம்பிராஜன், திருநெல்வேலிக்காரர், குச்சி போன்ற ஆள், பதறிப்போனார்.

"உக்காரவா? எந்திரிங்க அண்ணாச்சி! மணிக்கொரு தடவ காம்பவுண்டச் சுத்தி வரணும்லா. நடந்து நடந்து நான் துரும்பா எளச்சுட்டேன்னுதான், டாக்டர் என்னைய ஒங்க ஸ்டோர்ஸ் நாற்காலிக்கு மாத்திருக்காவ!"