இன்னும் ஒரு திருகு

இறுக்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எது ஒழுகினாலும், ஆடினாலும், முனகினாலும் அவர்களிடம் ஒரே மருந்துதான்: இன்னும் ஒரு திருகு. அவர்கள் மூடிய ஜாடியை வேறொருவர் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது. நமக்குத் தெரிந்த ஒருவர் மாடி வீடொன்றில் இருக்கிறார். அலுவலகத்தில் கணக்கு அதிகாரி. வீட்டில் சகல திருகாணிகளுக்கும் அதிபதி.

சில நாளாக அவர் மனைவிக்குச் சமையலறையில் நின்றாலே தலைவலி. "கேஸ் வாடை அடிக்குதுங்க. கம்பெனிக்குப் போன் பண்ணலாமே."

"தலைவலிக்கு மெக்கானிக்கா? முதல்ல உன் கண்ணாடிய மாத்து."

மனைவி சும்மா இருக்கவில்லை. சோப்பைத் தண்ணீரில் குழைத்து, சுவரோடு வரும் கேஸ் குழாய் அடுப்புப் பக்கம் வளைகிற மூட்டில் தடவினார். குமிழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிளம்பின. கண்ணெதிரே சாட்சி வந்து நின்ற பிறகு மறுக்க முடியுமா? முடியாது. ஆனால் இறுக்க முடியும்.

ஸ்பானர் வந்தது. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நம்மவர் ஒரு திருகு திருகினார். குமிழி குறைந்தது.

"பாத்தியா?"

"சரி, போதும். விடுங்க."

போதும் என்ற சொல் அந்த இனத்தின் காதில் ஏறுமா? அடுத்த திருகில் நட்டு 'டப்'பென்று விண்டது. கேஸ் சீறியது. வாடையை வெளியே தள்ளும் நல்லெண்ணத்தோடு நம்மவரின் கை மின்விசிறி சுவிட்சை நோக்கிப் போனது.

"தொடாதீங்க! ஒரு பொறி போதும்!"

அந்தக் கையைத் தட்டிவிட்டு, வால்வை மூடி, ஜன்னல்களை விரியத் திறந்து, கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகளை அள்ளிக்கொண்டு, கணவரையும் முதுகில் கைவைத்துத் தள்ளித் தெருவில் இறக்கிய பிறகுதான் மனைவி கம்பெனிக்குப் போன் போட்டார்.

தெருவில் நின்றபோதுதான் நம்மவர் கவனித்தார்: மகளின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவளுடைய வெறுங்காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

இந்த அடக்கமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரைதான்.

"என்ன சார் ஆச்சு?"

"சின்ன லீக். நான்தான் கண்டுபிடிச்சேன்."

மனைவி திரும்பிப் பார்த்தார்.

"அதாவது... கண்டுபிடிச்சது இவ. நான் பெருசாக்கிக் காட்டினேன்."

கம்பெனி ஆள் வந்து, விண்ட நட்டை மாற்றி, சோப்பு தடவிச் சோதித்துவிட்டுக் கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம்கூட அடங்கவில்லை.

"எதுக்கும் ஒரே ஒரு..."

மனைவி கையை நீட்டினார். நம்மவர் மகளைப் பார்த்தார், புது நட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். ஸ்பானரைக் கொடுத்துவிட்டார்.

வாசகரே, நீங்கள் இந்த இனம் இல்லைதான். ஆமென்று யார் சொன்னது? ஆனாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி லேசாக ஆடுகிறது போலிருக்கிறதே? வேண்டாம், குனியாதீர்கள்.