துப்பாக்கிக்குத் தோதான மாநிலம்

ஷார்ஜா,
வியாழக்கிழமை மாலை.

பேரன்புள்ள ஐயப்பன் சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் பானுப்பிரியா எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவேன் என்று முதல் வரியிலேயே உறுதி கூறுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் இங்கே சுகம். சித்தியையும் தம்பியையும் இரண்டு எருமைகளையும் கேட்டதாகச் சொல்லவும். துப்பாக்கியைக் கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

போனில் சொல்லாமல் கடிதம் ஏன் என்று தாங்கள் நினைக்கலாம். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், என் போனுக்கு வரும் செய்திகளையும் அவர்தான் முதலில் படிப்பார். அதனால் நாளைக் காலை லீவில் ஊருக்குப் புறப்படும் காதர் மைதீன் மாமாவின் பெட்டியில், பால் பவுடர் டின்களுக்கு நடுவே இதை வைத்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேசையைத்தான் குறை சொல்ல வேண்டும். நாங்களும் சதக்கத்துல்லா மாமா குடும்பமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில், பொது ஹாலில் இருக்கும் இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. நான் ஒவ்வொரு முற்றுப்புள்ளி வைக்கும்போதும் அது தலையாட்டுகிறது.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு மே மாதம் அறுபது நிறைகிறது. கராஜில் மேனேஜர் ஒரு தாளை நீட்டி, "அழகுமலை, இன்னும் ரெண்டு வருஷம் ஃபோர்மேனா இரு, முப்பதாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று சொல்லியிருக்கிறார். இதே போன்ற தாளில் அப்பா ஏற்கெனவே நான்கு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு முறை மாடி கட்ட, ஒரு முறை அத்தை கல்யாணத்துக்கு, மற்ற இரண்டு முறை எதற்கென்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் இந்த முறை அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "நாகவள்ளி, ஊருக்குப் போயிருவோம்" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஏனென்றால் மதுரையில் நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தை நெட்டில் நிரப்ப வருகிற புதன்கிழமைதான் கடைசி நாள். நான் உடனே அதைத் திறந்துவிட்டேன். முதல் கட்டமே, பெற்றோர் நிரந்தரமாக வசிக்கப்போகும் மாநிலம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

"எந்த மாநிலம்பா?" என்று கேட்டேன்.

"அதான் யோசிக்கிறேன். துப்பாக்கிக்குத் தோதான மாநிலம்" என்றார் அப்பா.

தாத்தா காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அவருக்குப் பின் அப்பா பெயருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்பா இங்கே இருப்பதால் அது அங்கே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. லீவில் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் முதல் லீவில் அப்பா ஸ்டேஷனுக்குப் போனபோது தேர்தல் அறிவித்திருந்தார்கள். "எலெக்ஷன் முடியற வரைக்கும் ஊர்ல உள்ள துப்பாக்கியெல்லாம் உள்ள வரும்ணே, ஒண்ணும் வெளிய போகாது" என்று ஏட்டையா சொன்னாராம். அடுத்த லீவில் உள்ளாட்சித் தேர்தல். அதற்கடுத்த லீவில் எம்.எல்.ஏ. இறந்துபோய் இடைத்தேர்தல். ஒரே ஒரு முறை துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, ஆணியில் மாட்டினார். மறுநாள் மாலை டிவியில் தேதி அறிவித்துவிட்டார்கள். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் அப்பாவும் துப்பாக்கியும் சேர்ந்து இருந்தது முப்பத்தொரு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் அப்பா தூங்கினார்.

ஆகவே தேர்தல் குறைவாக வரும் மாநிலம் எது, பன்றி அதிகமாக வரும் மாநிலம் எது என்று அப்பா விசாரிக்கத் தொடங்கினார். சித்தப்பா, இந்தத் தொழிற்பேட்டையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தியாவின் எல்லா மாநிலங்களைப் பற்றியும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஸ்டோர்கீப்பர் சேதுமாதவன் மாமாவுக்குப் பாலக்காடு. "கேரளம் வாங்க அழகுமலைச் சேட்டா, அவிடெ பஞ்சாயத்துக்காரே வந்து, பன்னியெ வெடி வெக்க வரணும்னு துப்பாக்கிக்காரரெக் கூப்பிட்டுப் போவாங்க" என்றார். அப்பா அன்றைக்குச் சாப்பாட்டில் சட்னியைத் தேங்காய் எண்ணெயில் தாளிக்கச் சொன்னார். மறுநாள் லாரி டிரைவர் ஒருவர், குடகில் வருடத்துக்கு ஒரு நாள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா அதை அம்மாவிடம் மெய்ம்மறந்து சொன்னபோது அம்மா, "இருபது வருசத்துல எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்திருப்பீகளா? இரும்புக்குப் பூ வைக்கக் கர்நாடகா போறாராம்" என்றாள். சதக்கத்துல்லா மாமா சிபாரிசு செய்தது புதுச்சேரி. "சின்ன ஊருண்ணே, எலெக்ஷனும் சின்னதாத்தான் இருக்கும், சட்டுன்னு முடிஞ்சிரும்" என்றார். அவர் மனைவி அஸ்மத் பீவி மாமி அடுப்படியிலிருந்தே, "அங்கெ பன்னி ஏதுங்க? பீச்சுல வாக்கிங் போறவங்களையா சுடப்போறாரு அண்ணன்?" என்று கேட்டதும் புதுச்சேரி பட்டியலிலிருந்து நீங்கியது. இவர்கள் எல்லோரும் அந்தந்த மாநிலத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும். "நீங்க எப்ப மாமா ஊருக்குப் போறீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதினேன். எல்லோரும் சொன்னது ஒரே பதில்: "இன்னும் ரெண்டு வருஷம்."

இதற்கு நடுவே நடந்த இரண்டு சம்பவங்களையும் மறைக்கக் கூடாது. தங்களுக்கு அனுப்பிய கார்கோ பெட்டி மூன்று வாரம் தாமதமாக, சோப்பெல்லாம் சிதறி வந்ததல்லவா? அதற்குக் காரணம் நான்தான். பெட்டிக்குள் அப்பா ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலும் நீளமான பிரஷும் வைத்திருந்தார். பொருள்களின் பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். மெஷின் எண்ணெய் என்று எழுதியிருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் "துப்பாக்கிக்கு எண்ணெய், ஒன்று. துப்பாக்கிக்கு பிரஷ், ஒன்று" என்று எழுதினேன், ஏனென்றால் அவை அதற்குத்தான். கார்கோக்காரர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மெதுவாகக் கீழே வைத்து, "துப்பாக்கி எங்கே?" என்று கேட்டார். "ஸ்டேஷனில் இருக்கிறது" என்றேன், அதுவும் உண்மைதான். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பெட்டியைப் பிரித்து, பால் பவுடர் டின்னை ஆட்டி ஆட்டிப் பார்த்து, அம்மாவின் உள்பாவாடைகளைக்கூட உதறிக் காட்டச் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாக நடப்பதில்லை.

அடுத்தது பால்கனி. எந்த மாநிலமானாலும் குறி தப்பக் கூடாது என்று அப்பா தரை துடைக்கும் குச்சியைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறி பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட வந்த பெண், பக்கெட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஐந்து நிமிடத்தில் எங்கள் வாட்ச்மேன் மேலே வந்தார். "பாய், பந்தூக் ஹை க்யா?" என்று, துப்பாக்கி இருக்கிறதா என இந்தியில் கேட்டார். "பந்தூக் மாஃபி பாய், சஃபாயி, சஃபாயி!" என்று, துப்பாக்கி இல்லை, வெறும் துப்புரவுதான் என அப்பா குச்சியைத் தரையில் தேய்த்துக் காட்டினார். வாட்ச்மேன் நகரவில்லை. அதனால் அப்பா பால்கனி முழுவதையும், பிறகு ஹாலையும், பிறகு மாடிப்படியில் பாதியையும் துடைத்தார். நான் பிறந்ததிலிருந்து அப்பா வீடு துடைத்தது அன்று ஒரு நாள்தான் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இன்றைக்குத் தேதி இருபத்து நான்கு. அப்பா இன்னும் மாநிலத்தை முடிவு செய்யவில்லை. கையெழுத்துப் போடாத தாள் அவர் பையிலேயே இருக்கிறது. என் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நிற்கிறது. எனவே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் துப்பாக்கி மட்டும் இல்லாவிட்டால் அப்பா மற்றவர்களைப் போல மதுரையில் ஒரு வீடு பார்த்து இருந்துவிடுவார். ஆகவே தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: துப்பாக்கி துருப்பிடித்துவிட்டது, இனி சுடாது என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் தாங்கள் என்னைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னாலேயே அப்பா, "துப்பாக்கி எப்படிடா இருக்கு?" என்று கேட்பதும், "போன வாரந்தாண்ணே ஸ்டேஷன்ல போயிப் பாத்தேன், எண்ணெ போட்டு மினுமினுன்னு வச்சிருக்காக" என்று தாங்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். பொய்யே சொல்லாத தங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். அதனால் முதலில் அதை உண்மையாகவே துருப்பிடிக்க விட்டுவிடுங்கள். ஏட்டையாவிடம் சொல்லி, மழைச்சாரல் படுகிற மாதிரி ஜன்னல் ஓரமாக வைக்கச் சொன்னால் போதும். பிறகு சொல்வது உண்மையாகிவிடும்.

சித்திக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தம். நிலக்கடலை இந்த வருடம் பன்றிக்குப் போக மீதி தங்கள் வீட்டுக்கும் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் அன்பும் உண்மையும் உள்ள மகள்,
பானுப்பிரியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். பால்கனி வரும் இடத்தில் சிரித்தாள். துருப்பிடிக்கும் இடத்தில் சிரிப்பு நின்றது.

"துருப்பிடிக்க அது இருந்தாத்தானடி" என்றாள்.

பிறகு பாஸ்போர்ட் வைக்கும் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துக் காட்டினாள். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க அப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாள். மூன்று வருடத்துக்கு முன், அப்பாவின் கடைசி லீவு முடிந்த பிறகு, தாங்கள் முறுக்குப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்பியது. லைசென்ஸ் காலாவதியாகி, துப்பாக்கியை மாவட்டக் கிடங்குக்கு எடுத்துப் போய்விட்டார்களாம்.

"வீட்டுல துப்பாக்கி வேணாமேன்னுதான் ஒளிச்சு வச்சேன். அப்புறம் பாத்தா, அதைத் தொடைக்கணும் அதைத் தொடைக்கணும்னுதான் அந்த மனுசன் ஊர்ப்பேச்சே எடுக்கறாரு. எனக்காகப் போகணும்னு சொல்லியிருக்காரா? உனக்காகச் சொல்லியிருக்காரா? அது இல்லேன்னு தெரிஞ்சா, நாளைக்கே ‘ஊருல எனக்கு என்ன வேல’ன்னு அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுருவாருடி."

"சித்தப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு அவருக்குச் சொன்னதே நான்தான். மினுமினுங்கறதெல்லாம் அவராச் சேத்துக்கிட்டது."

ஆகவே சித்தப்பா, மேலே உள்ள பக்கங்கள் தங்களுக்குத் தேவைப்படாது. "பொய்யே சொல்லாத" என்ற சொற்களை மட்டும் அடித்துவிடவும். துருவைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை துப்பாக்கி முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வார்ப்பட்டை புதிதாக மாற்றியிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஜூன் மாதம் ஊருக்கு வந்ததும் அப்பா நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்ப ஏதாவது ஒரு எலெக்ஷன் வரும்டி" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தார். நான் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, மேசை ஆடுவதைத்தான் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்து, நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

"எந்த மாநிலம்பா?" என்றேன்.

"நம்ம மாநிலந்தான். இத்தன வருசமாப் பத்தரமாப் பாத்துக்கிட்டவன் ஐயப்பன். அவன் பக்கத்துல இருக்கறதுதான் அதுக்கும் நல்லது" என்றார். "யாருக்கு எழுதற?"

"சித்தப்பாவுக்கு."

"துப்பாக்கியைக் கேட்டதாச் சொல்லு."

சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தேன், அடுத்த பக்கம் திறந்துவிட்டது. இந்தக் கடைசி வரிகளில் கையெழுத்து நேராக இருப்பதைக் கவனிக்கவும். கரண்ட் பில் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் அஸ்மத் பீவி மாமி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். "கலாஸ், பானு, போதும்" என்கிறார். விளக்கு அணைக்கப்பட்டது.