பாவின் நிழலும் சசிகலா வீட்டுப் பசுவும்

பெரணமல்லூர் சம்பந்தி திருமலை அவர்களுக்கு, ஆரணி கந்தசாமி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் மகள் கீதா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது தவிர இங்கும் எல்லோரும் சுகம். தாங்கள் போனை எடுக்காததால், தபால் ஆபீசில் வேலை பார்த்த பழக்கத்தில் கடிதமாக எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் தெருமுனையில் வேனில் காத்திருக்க, பெண் வீட்டார் ஒருவரும் தட்டோடு வந்து அழைக்கவில்லை என்பது உண்மை. மரியாதை தெரியாத வீடு என்று தரகரிடம் சொல்லிவிட்டு வேனைத் திருப்பியதும் நியாயம். ஆனால் நாங்கள் வீட்டில் இல்லை. தட்டோடு கிளம்பி, பாதித் தெருவில், ஒரு பசுவுக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

கீதாவின் முகூர்த்தச் சேலைக்கான அரக்குச் சிவப்புப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, நெசவாளர் சுப்பன் அன்று காலையில்தான் தெரு நீளத்துக்கு விரித்து, இழைகளைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார். விரித்த பாவைத் தாண்டுவதும் அடியில் நுழைவதும் எங்கள் தெருவில் கிடையாது, பெண்ணைப் பெற்றவனுக்கும் கிடையாது, ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் ஆள் போகும் அளவு வழி, அந்த வழியில் சசிகலா வீட்டுப் பசு குறுக்கே நின்றுவிட்டது. தட்டிலிருந்த வாழைப்பழத்தை நீட்டினோம். முகர்ந்து, தின்றுவிட்டு, அங்கேயே நின்றது. அப்போதுதான் போனில் பார்த்த ஒரு நிகழ்ச்சி எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் முதுகுப்புறம் வரை தெரியும், முன்னால் ஆழம்தான் சரியாகப் பிடிபடாது, ஆகவே தரையில் விழுந்திருக்கும் பாவின் நிழல் அதற்குப் பள்ளமாகத் தெரிகிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன். சிவப்பும் அதற்குச் சிவப்பில்லை என்றேன்.

சுப்பன் தட்டுவதை நிறுத்திவிட்டார். “அப்போ நான் நெய்யறது அதுக்கு இன்னா கலருங்க?”

காய்ந்த வைக்கோல் போல இருக்கலாம் என்றேன். அவர் குனிந்து பசுவின் கண் மட்டத்தில் தலையை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். தட்டு ஏந்தியவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பாவின் மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. அதற்குச் சிவப்பு கறுப்பாகப்படும், ஆனால் நமக்குப் பேரே இல்லாத ஒரு நிறம் பூவில் தெரியும் என்றேன். எங்கள் தெரு மெல்ல வேறு தெருவாகிவிட்டது, சம்பந்தி. வைக்கோல் நிறத்தில் ஓர் ஆறு, அதன் கீழே அடியில்லாத பள்ளம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வீடுகள். அப்படி எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது.

“சம்பந்தி வண்டியில காத்துகினு இருக்காரு. நீங்க மாட்டுக் கண்ணால உலகம் பாத்துகினு இருக்கீங்க” என்று என் மனைவி கிருஷ்ணம்மாள் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தோம். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

குற்றம் எங்களுடையதல்ல, அந்தப் பிராணியின் பார்வையுடையது என்பதை உணர்ந்து, மறுபடி ஒரு நாள் குறிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை தீனாவுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டுக் கறவைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

தங்கள்,
கந்தசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சசிகலா வந்தாள். படித்துக் காட்டினேன். “அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க, பார்வை போய் எத்தினியோ வருசம் ஆவுது. பாவு தட்டுற சத்தம் அதுக்குப் புடிக்கும், கேட்டா நின்னுக்கும்” என்றாள். சுப்பன் தட்டுவதை நிறுத்தியதும், அடுத்த தட்டுக்காகக் காத்து நின்றிருக்கிறது. ஆக, அன்று கண் தெரிந்தும் வழியை மறித்து நின்றவன் நான் ஒருவன்தான். உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருந்த கீதா, அன்றைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அது அடங்குவதற்குள் வாருங்கள்.