முப்பது மாத்திரை கையிருப்பு

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை பேனா அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தது. அங்கே அக்கா, பிள்ளைகள், தங்கள் வலது முழங்கால் எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

"ஒரு மாத்திரையை ஒழுங்கா குடுக்கத் துப்பில்ல, ஞாயித்துக்கிழமை வந்து என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொன்னீர்கள். வாயால் சண்டை போட எனக்கு வராது. முப்பத்தொரு வருடம் ஆலையின் உதிரிபாகக் கிடங்கில் எழுதியே பிழைத்தவன். தாங்கள் டிரைவிங் பள்ளி நடத்தியவர். கற்றுக்கொள்பவன் வண்டியை ஓட்ட, பக்கத்துச் சீட்டில் தங்கள் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகிவிட்டீர்கள். கல்யாணமான நாள் முதல் என் குடும்பத்திலும் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வீட்டுக்கு இரண்டாவது பிரேக் தேவையில்லை என்று காட்டவே இக்கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். விளையாட்டு ஆசிரியையாக இருந்த உங்கள் தங்கை விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பிள்ளையும் நிற்கும். அப்படிப்பட்டவள் போன வருடம் எங்கள் மாடிப்படியில் ஏழாவது படியில் நின்றுவிட்டாள். வயதாகிறது என்றேன் நான். "வயசு படிக்குப் படி ஏறாதுங்க" என்றாள் அவள். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுகி, அங்கே அழுத்தம் ஏறிவிட்டது, இதயம் முக்கி முக்கித் தள்ளுகிறது, அந்தக் குழாய்களைத் தளர்த்த ஒரு மாத்திரை, தினம் மூன்று வேளை, ஒருவேளையும் விடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நரைத்த மீசையைப் பார்த்தார். "யாருக்கு இது?" என்றார். "வீட்ல அவங்களுக்கு" என்றேன். "அவங்களுக்கா? மூணு வேளையா?" என்றார். பின்னால் நின்ற இருவர் இருமினார்கள். அந்த மருந்து ஆண்களின் வேறொரு காரியத்துக்காக ஊர் முழுக்கப் பேர் வாங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று முடிவுசெய்து, ஆஸ்பத்திரி மருந்தகமே மாதாமாதம் கூரியரில் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டேன்.

இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் வெடுக்கென்று எழுந்தால் தலை சுற்றும், மெதுவாக உட்கார்ந்து, நிதானித்து எழ வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். உங்கள் தங்கைக்கு நிதானம் என்பது கேள்விப்பட்ட சொல் மட்டும்தான். அழைப்பு மணி அடித்தால் பந்தயத்தில் ஓடுவதுபோல எழுந்துவிடுவாள். ஒருநாள் அப்படி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றே நான் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். கூரியர்க்காரர் இரண்டு நாள் வந்து செத்த மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று எழுதிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுபோனது பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்தோடு டப்பா காலி. ஆனால் வீட்டில் மாத்திரை இல்லை என்று நினைக்காதீர்கள். முதல் மாதமே டாக்டரிடம் கெஞ்சிப் பத்து நாளைக்கு அதிகமாக எழுதி வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டு, சிவப்பு டேப் ஒட்டி, "கையிருப்பு, தொடக்கூடாது" என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு பேரிங் இல்லாமல் ஆலை இரண்டு நாள் நின்றது. மேலாளர் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்று முதல் கையிருப்பில் நான் கைவைத்ததில்லை, யாரையும் வைக்க விட்டதுமில்லை. நான் ஓய்வுபெற்ற நாளில் கிடங்கில் நாற்பது பேரிங் பளபளவென்று இருந்தன. அவை பொருந்தும் இயந்திரத்தை ஆறு வருடத்துக்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி உங்கள் தங்கை சிரிப்பாள்.

வெள்ளி சாயங்காலம் அவள் அலமாரியைப் பார்த்து, "அந்த டின்னப் பிரிங்களேன்" என்றாள்.

"அது அவசரத்துக்கு."

"அவசரம்னா எப்படி இருக்கும், தலையில கொம்பு வெச்சுக்கிட்டு வருமா?"

"கூரியர் காலையில வந்துடும்" என்றேன். சனிக்கிழமை வரவில்லை. தெருமுனைக் கடைக்காவது போயிருக்கலாம். கால் வரவில்லை மச்சான். அந்தக் கடைக்காரரின் சிரிப்பை நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் அதன்பிறகு கேட்கவில்லை. நாற்பது வருடமாக என் பிடிவாதத்தோடு குடித்தனம் செய்தவள், எதில் சண்டை போடலாம், எதில் முடியாது என்று தெரிந்து வைத்திருந்தாள். ஞாயிறு காலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என் பெயரைச் சொல்ல வந்து, பாதியில் மூச்சுக்காக நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பதினைந்து நிமிடத்தை எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "மாத்திரை தீந்துபோச்சா?"

"இல்ல சார், முப்பது இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "பெரியவரே, அந்த முப்பதும் யாருக்காக வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகும் புத்தி வந்ததா என்றால், முழுக்க வரவில்லை. ஐந்து வேளை விட்டுப்போயிருந்தது. அந்த ஐந்து பாக்கியை எப்போது கொடுப்பது, ஒரே தடவையிலா இரண்டு தடவையிலா என்று நர்ஸிடம் கேட்டேன். "ஐயா, விட்டது விட்டதுதான். சேத்துக் குடுத்தீங்கன்னா ரத்த அழுத்தம் படுத்துடும். ஒருவேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் குடுங்க. அடுத்த வேளை நெருங்கிட்டா அதை விட்டுட்டு, வழக்கம்போல ஒண்ணே ஒண்ணு. உங்களா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது" என்றார். என்னை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

இப்போது நிலைமை முற்றிலும் கட்டுக்குள் இருக்கிறது. மணிக்குக் கம்பி கொடுத்தாயிற்று. அடித்தால் நான்தான் எழுவேன், அவள் எழமாட்டாள் என்று ஒப்பந்தம். மூன்று வேளையும் கடிகாரம் கூவுகிறது. அவள் விழுங்கும்வரை எதிரே நிற்கிறேன். "ஸ்டோர் சார், வாயத் தொறந்து காட்டணுமா, கையெழுத்துப் போட்டாப் போதுமா?" என்கிறாள். கையிருப்பு டின்னில் சிவப்பு டேப் இல்லை. பழையதை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, புதியதைக் கையிருப்பில் வைக்கிறேன். பத்து நாளைக்கு முன்பே மருந்தகத்துக்குப் போன் செய்கிறேன். தெருமுனைக் கடைக்கும் போய், நிமிர்ந்து நின்று, "என் மனைவிக்கு நுரையீரல் ரத்த அழுத்தம், அவசரத்துக்கு நீங்க தருவீங்களா?" என்று கேட்டேன். அந்த மனிதர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எங்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டார். அவள் கைப்பையில் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு அட்டை இருக்கிறது. பல் டாக்டர் ஆனாலும் அதைக் காட்டாமல் வாயைத் திறப்பதில்லை. இந்த வீட்டில் தைலம், இருமல் மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எங்கள் இருவருக்கும் பொது என்பது உங்களுக்குத் தெரியும். "உங்களுக்குக் கேட்டது எனக்கும் கேக்கும்" என்பது அவள் வைத்தியம். அந்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நேற்று அவள் ஏழாவது படியைத் தாண்டி ஒன்பதுவரை போனாள்.

ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். அவளை அனுப்புவதற்கில்லை. வண்டியை நானே ஓட்டிக்கொள்வேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழட்டும். தங்கள் முழங்காலும் கூடவே வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன். ஒட்ட முடியவில்லை. அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என் நெஞ்சின்மேல் யாரோ மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது. பயம் என்று நினைத்தேன். போன வாரம் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போன இடத்தில் என்னையும் பார்த்தார்கள். இதயக் கோளாறுதானாம். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்னப் புட்டியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதே நர்ஸ்தான் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "ஐயா, இதை அம்மா தவறிக்கூட வாயில வெச்சுக்கக் கூடாது. அவங்க மாத்திரையோட இது சேந்தா அழுத்தம் சரசரன்னு எறங்கிடும், காப்பாத்தறது கஷ்டம். இன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க." ஐந்து நாளாகப் புட்டி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் நெஞ்சுவலி என்று இடிந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால், அவளுக்கு நெஞ்சடைக்கிறபோது நான் இல்லாமல் போனால், அவளோ வேறு யாரோ என் பையில் கைவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று அதைவிடப் பெரிய பயம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அவளிடம் சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். அதற்கு மேல் தனியாக என்னால் முடியாது மச்சான். எல்லாவற்றுக்கும் கையிருப்பு வைத்த எனக்கு, எனக்கென்று ஒரு கையிருப்பு வைக்கத் தோன்றவில்லை. மேலே எழுதியதை மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அவளைக் கூட்டிப் போவதற்கு அல்ல, இங்கே எங்களோடு இருப்பதற்கு. ஒரு மாதத்துக்குத் துணி எடுத்து வாருங்கள். மணி இப்போது வேலை செய்கிறது. ஒருமுறை அடித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். நானும் இனி மெதுவாகத்தான் எழுந்து வருவேன்.