பச்சை மாமியாரும் ஹால் சுவரும்

முன்பல்லின் வெள்ளையைப் பதினாறு விதமாகப் பிரித்துச் சொல்லும் பல் டாக்டருக்கு, இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டின் ஹால் சுவர் என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை.

"நல்லா யோசிங்க சார். சுரண்டி முடிச்சாச்சு. சுவத்தப் பாத்து சொல்ல முடியாது," என்றார் பெயிண்டர்.

தங்கை வீட்டுக்குப் போயிருந்த டாக்டரின் மனைவி வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். "பழைய கலரையே அடிச்சு வைங்க" என்பது உத்தரவு. போன் போட்டுக் கேட்டால் மானம் போய்விடும்.

"கவலைய விடுங்க, போட்டோ இருக்கு!" என்றார் டாக்டர்.

வினையே அங்கேதான் இருந்தது. நிறங்கள் தாறுமாறாக மாறி விழும் காலாவதியான கலர் பிலிமில் படம் எடுப்பது என்றால் டாக்டருக்கு உயிர். மூடிப்போன ஸ்டூடியோக்களில் அள்ளி வந்த பிலிம் சுருள்கள் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டை அடைத்துக்கொண்டிருந்தன. கத்தரிக்காய் வெளியே கிடந்து வாடியது. "பிலிமா நானான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று மனைவி சொல்லாத வாரமில்லை.

முதல் படத்தில் சுவர் ரோஜா நிறம். திங்கட்கிழமை அதையே அடித்தார்கள். காய்ந்ததும் டாக்டர் வாசல்வரை பின்வாங்கிப் பார்த்தார்.

"இது நம்ம வீடே இல்லப்பா!"

அடுத்த படத்தில் இளம்பச்சை. செவ்வாய்க்கிழமை அதையும் அடித்தார்கள்.

"சார், இந்தப் படத்துல உங்க மாமியாரும் பச்சையாத்தான் இருக்காங்க," என்று இழுத்தார் பெயிண்டர்.

"அன்னிக்கு அவங்க கோவமா இருந்தாங்க."

சொல்லிவிட்டாரே தவிர, டாக்டருக்கே சந்தேகம் தட்டியது. புதன்கிழமை ஜன்னல் திரையைக் கழற்றி வந்து, சுவர் ஊதாவாக விழுந்திருந்த மூன்றாவது படத்தோடு ஒப்பிட்டார்.

"திரை மஞ்சள். படத்துல ஆரஞ்சு. அப்போ சுவத்துல சிவப்பக் கொறைக்கணும். கணக்கு சரிதானே?"

கணக்கு சரிதான். சுவர்தான் நீலமாகிவிட்டது. ஈரச் சுவரில் உரசிய திரையும் பாதி நீலம்.

வியாழக்கிழமை காலை டாக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"அவ சொன்னதுதாங்க சரி. எல்லாம் இந்தப் பாழாப்போன பிலிமால வந்தது!"

ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு சுருள் விடாமல் குப்பைப் பையில் கொட்டி முடிச்சுப் போட்டார். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. பையைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பெயிண்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார். வாசலுக்குப் போய், தன் வண்டியிலிருந்து சீல் பிரிக்காத பெயிண்ட் டப்பா ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார்.

"அம்மா ஊருக்குப் போறப்பவே சரியான கலர வாங்கிக் குடுத்துட்டுத்தான் போனாங்க சார். நீங்களா அந்தப் பிலிமத் தூக்கிப் போடற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."